பிள்ளை ‘லண்டன் டாக்டர்’, அம்மா கையில் புத்தூர் கட்டு

மாடிப்படி எழுதியது:

வணக்கம் மக்களே. மூன்று வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டையில், வைத்தியநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்து. படித்தது ஸ்டான்லி. இப்போது இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் முதியோர் பிரிவில் ரெஜிஸ்ட்ரார், அதாவது பெரிய டாக்டருக்கு அடுத்த நிலை டாக்டர். எங்கள் சந்துக்கு இங்கிலாந்து என்றாலே லண்டன்தான், அதனால் நான் ‘லண்டன் டாக்டர்’. லண்டன் வேறு, நான் இருக்கும் ஊர் வேறு என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வீடியோவில் பேசினால் எப்போதும் நெற்றியும் மேலே ஓடும் ஃபேனும்தான் தெரியும். போன ஞாயிறு அதுவும் நிலையாகத் தெரியவில்லை, படம் ஆடிக்கொண்டே இருந்தது. போனை இடது கையில் பிடித்திருக்கிறார் என்று புரிய எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ‘வலது கையைக் காட்டும்மா’ என்றேன். ‘மாவு கரைக்கிறேன், கையெல்லாம் மாவு’ என்றார். சாயங்காலம் நாலரை மணிக்கு என்ன மாவு? கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு கை வந்தது. முழங்கைக்குக் கீழே விரல் வரை துணிச் சுற்று, நடுவில் மூங்கில் பத்தை, ஓரத்தில் பச்சிலை காய்ந்து கறுத்திருக்கிறது. புத்தூர் கட்டு. இரண்டாவது கட்டாம். விழுந்து பதினாறு நாள் ஆகிவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழே மெட்ரோ வாட்டர் அடி பம்பில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது வழுக்கிவிட்டது. கையை ஊன்றியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்.

‘ஸ்டான்லி பக்கத்தில்தானே இருக்கு, அங்கே போயிருக்கலாமே?’ என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: ‘உங்கூடப் படிச்ச பையன் அங்கதானே எலும்பு டாக்டரா இருக்கான். நான் போனா அடுத்த நிமிஷம் உனக்கு போன் போட்டுடுவான். அந்த வாரம் உனக்கு நைட்டுன்னு சொல்லியிருந்தியே.’

என் டியூட்டி ரோஸ்டரைப் பார்த்துக் கை உடைத்துக்கொண்ட அம்மா எனக்கு.

சந்தில் யாருக்குச் சுகர், யாருக்குக் கொழுப்பு, யாருக்கு ஸ்கேனில் கல் என்று எல்லாருடைய ரிப்போர்ட்டும் என் போனில் இருக்கிறது, எல்லாம் அம்மா அனுப்பியவைதான். அவருடையது மட்டும் கிடையாது. வெளியூரில் இருக்கும் டாக்டர்கள், நர்ஸுகள், அவர்கள் வீட்டார் யாராவது சொல்லுங்கள்: வீட்டில் நடப்பதை நம்மிடம் சொல்லவைப்பது எப்படி?


அத்தோ முட்டை எழுதியது:

டாக்டர் சார், பயப்படாதீங்க. எங்க தாத்தா லாரியிலிருந்து விழுந்து கால் உடைஞ்சப்போ கட்டுதான். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில். எண்பது வயசு வரைக்கும் பீச் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்.


மாடிப்படி எழுதியது:

தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் எல்லா உடைப்பும் ஒன்றில்லை. எலும்பு நகராமல் விரிசல் மட்டும் விட்டிருந்தால் எதை வைத்துக் கட்டினாலும் சேரும், அந்தப் பெயர் கட்டியவருக்குப் போகும். நகர்ந்திருந்தால் இழுத்து நேராக்க வேண்டும். இல்லாவிட்டாலும் சேரத்தான் சேரும், கோணலாகச் சேரும். எனக்குப் பெரிய பயம் அது இல்லை, இறுக்கம். விரல் மரத்துப்போய், வெளுத்தோ நீலமாகவோ மாறி, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால் கட்டை உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாவுக்கட்டுக்கும் இதே கதைதான். ஞாயிறு அம்மாவை ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டச் சொன்னேன். ஆட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.


கல்மண்டபம் அக்கா எழுதியது:

தம்பி, கோபப்படாமல் படி. நான் உனக்கு எதிர்க்கட்சி.

என் தம்பியும் டாக்டர்தான், அயர்லாந்தில். அப்பாவுக்கு கிட்னி கொஞ்சம் சரியில்லை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் அவரை ஆட்டோவில் ஏற்றி, துறைமுகத்துக்கு நிற்கிற கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஊர்ந்து, லேபில் உட்காரவைத்து, ரத்தம் கொடுத்ததும் ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, வீட்டில் விட்டு, என் பையனைப் பள்ளிக்கு அனுப்பி, பத்து மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அங்கிருந்து வருவது என்ன தெரியுமா? ‘பொட்டாசியம் எங்கே? இரண்டாவது பக்கத்தை ஏன் அனுப்பவில்லை?’ கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவனுக்கு ஆட்டோ எவ்வளவு என்று கேட்கத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒருமுறை அவன் அங்கிருந்து நேராக அப்பாவைப் பார்க்கும் டாக்டருக்கே போன் போட்டு, இந்த மாத்திரை ஏன், அந்த மாத்திரை ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறான். மரியாதையாகத்தான் கேட்டேன் என்கிறான். அடுத்த மாதம் நாங்கள் போனபோது அந்த டாக்டர் சிரித்துக்கொண்டே, ‘உங்க பிள்ளையையே கேட்டுக்கலாமே’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்பா வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

உன் அம்மா ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? பத்து பேருக்கு போன் போட்டிருப்பாய். எக்ஸ்ரே எடு, அனுப்பு, இது தெளிவாக இல்லை, திருப்பி எடு, அந்த டாக்டர் வேண்டாம், இவரிடம் போ. அவருக்கு உடைந்தது ஒரு கை. அதற்குமேல் உன் விசாரணையையும் தாங்கவேண்டுமா?

எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வருகிறாள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். வீட்டு வாசலிலேயே பி.பி. பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அவளிடம் அப்பா எல்லாம் சொல்வார். மூன்று நாள் மாத்திரை போடாதது, எனக்குத் தெரியாமல் கருவாடு சாப்பிட்டது, எல்லாம். தம்பியிடம் மட்டும் ‘நல்லா இருக்கேன்பா, நீ சாப்ட்டியா’. அவள் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் திட்டமாட்டாள்.


மாடிப்படி எழுதியது:

அக்கா, ‘விசாரணை’ என்ற சொல்லை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பா இல்லை. அதனால் உங்கள் இடத்தில் எங்கள் வீட்டில் இருப்பது பக்கத்து வீட்டு அக்காதான். அவருக்கு நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன் என்று யோசித்தால், ஊருக்கு வரும்போது ஒரு டப்பா சாக்லேட்.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் வார்டில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு செய்வது டாக்டர் மட்டும் இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று ஒருவர் உண்டு. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னச் சமையலறைக்குப் பாட்டியை அழைத்துப்போய், ‘ஒரு டீ போடுங்கள்’ என்பார். கெட்டிலில் தண்ணீர் பிடிப்பது, ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுப்பது, கோப்பையை மேஜைக்குக் கொண்டுவருவது. அவர் டீயைப் பார்க்கமாட்டார். பாட்டி திரும்பும்போது எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்ப்பார். அப்புறம் கேள்விகள்: வீட்டில் எத்தனை படி? கைப்பிடி வலப்பக்கமா, இடப்பக்கமா?

தினம் ரவுண்டில் இதைக் கேட்கிறவன் நான். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டு மாடிக்கு எத்தனை படி என்று எண்ணிப் பார்த்தேன். பதினெட்டா, இருபதா? இருபத்தாறு வருஷம் ஏறி இறங்கியவன், தெரியவில்லை. கைப்பிடி கிடையாது, அது மட்டும் தெரியும்.

சொந்தக்காரர்களுக்கு முடிந்தவரை வைத்தியம் பார்க்காதே என்று எங்கள் மெடிக்கல் கவுன்சில், ஜி.எம்.சி., தன் வழிகாட்டியிலேயே எழுதிவைத்திருக்கிறது. முதலில் படித்தபோது இது வெள்ளைக்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன்.


ஷட்டர் பாதி எழுதியது:

நான் டாக்டர் இல்லை, மெடிக்கல் ஷாப். புது வண்ணாரப்பேட்டை. ராத்திரி பத்தரைக்குப் பாதி ஷட்டர் இறக்கிய பிறகு வருவது இரண்டே ரகம். ஒன்று, குழந்தைக்குக் காய்ச்சல். இன்னொன்று, ‘அண்ணே, என் பிள்ள லைன்ல இருக்கான், பேசுங்க.’

பேசுகிற பிள்ளைகள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் அங்கே மருந்தின் மூலப்பெயர் சொல்லிப் பழகியவர்கள், நாங்கள் இங்கே கம்பெனிப் பெயரில் ஓடுகிறவர்கள். ஆம்லோடிபின் என்பது ஒரு மருந்து. என் அலமாரியில் அது ஏழெட்டுப் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாக்களுக்கு இரண்டு பெயரும் தெரியாது. ‘வெள்ளை, சின்னது, நடுவுல கோடு’. அந்த அடையாளத்தில் நூறு மாத்திரை இருக்கிறது.

அட்டையாக வாங்கமாட்டார்கள். ‘அஞ்சு மட்டும் வெட்டிக் குடுப்பா.’ கத்தரிக்கோலால் வெட்டினால் பெயர் ஒரு துண்டோடு போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு போகும். மறுநாள் பிள்ளை வீடியோவில் ‘என்ன பேரு, படிம்மா’ என்பான். துண்டில் கடைசி இரண்டு எழுத்துதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவன் அங்கே தலையைப் பிய்த்துக்கொள்வான், அம்மா இங்கே கண்ணாடியைத் தேடுவார். இரண்டு பேரும் சேர்ந்து அப்புறம் எனக்கு போன் போடுவார்கள்.

நான் இப்போது வெட்டினால் பெயர் உள்ள ஓரத்தைத்தான் கொடுக்கிறேன், தேதியைக் கவர் மேல் பேனாவால் எழுதிவிடுகிறேன். உங்கள் அம்மா வாங்குகிற கடைக்காரரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், செய்வார். கூடவே ஒன்று கேட்கிறேன்: போனமுறை நீங்கள் கொண்டுவந்த கால்சியம் டப்பாவில் இப்போது எத்தனை மாத்திரை இருக்கிறது? எனக்குத் தெரிந்து ‘லண்டன் மாத்திரை’ எந்த வீட்டிலும் ஒரு வாரம் தங்கியதில்லை. தெருவே பங்கு போட்டுச் சாப்பிட்டுவிடும்.


கேட் மூடியிருக்கு எழுதியது:

எல்லாரும் ரொம்ப உருகுகிறீர்கள். நான் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அரசுக் கல்லூரியில் சொற்பப் பணத்தில் படித்துவிட்டு யார்க்‌ஷயர் பாட்டிக்கு டீ போடச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். வியாசர்பாடியில் திருவேங்கடம் டாக்டர் இருந்தார், நீங்கள் படித்த அதே ஸ்டான்லி. இரண்டு ரூபாயில் ஆரம்பித்தார், அப்புறம் ஐந்து ரூபாய். 2020 ஆகஸ்டில் காலமானார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன் டாக்டர், அவரும் ஐந்து ரூபாய் டாக்டர் என்றுதான் பெயர் வாங்கினார், 2018 டிசம்பரில் போனார். சவ ஊர்வலத்தில் யார் யார் அழுதார்கள் என்று இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேளுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?


ரிட்டர்ன் டிக்கெட் எழுதியது:

நான் திரும்பி வந்தவன். ஒன்பது வருஷம் அங்கே, 2017-லிருந்து பெரம்பூரில் கிளினிக். ‘கேட்’ நண்பர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மறுபாதிக்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் அம்மா என் கிளினிக்குக்கு நேர் மேலே குடியிருக்கிறார். பி.பி. பார்க்கிறேன், கையை நீட்டும்மா என்றால் ‘கீழே ஆள் காத்திருக்காங்க, போய்ப் பாரு’ என்பார். மாதம் ஒருநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் எழுபது வயது டாக்டரிடம் போவார். அவர் எழுதித்தரும் மாத்திரையும் நான் சொல்லும் மாத்திரையும் ஒன்றுதான். பிறகு என்னதான் விசேஷம் என்று ஒருநாள் கூடவே போய் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: ‘மருமக ஊர்லேர்ந்து வந்துட்டாளா?’ இரண்டாவது: ‘அந்தக் கீழ்வீட்டுச் சண்ட என்னாச்சு?’ மூன்றாவதாகத்தான் தலைசுற்றல் வந்தது. அதற்குள் அம்மா பாதி குணமாகிவிட்டார்.

ஆகவே மாடிப்படி, நீங்கள் தண்டையார்பேட்டையிலேயே இருந்திருந்தாலும் அந்தக் கட்டு விழுந்திருக்கும். பதினாறு நாளுக்குப் பதில் பதினாறு மணி நேரத்தில் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் திரும்பி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் இறங்கியது, ராத்திரி கதவு தட்டுவது கூடியது. அதிகம் வருத்தமில்லை. திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் வருத்தம்.


நிர்வாகி எழுதியது:

வரிப்பணச் சண்டைக்கு ஏற்கெனவே இரண்டு இழை ஓடுகிறது, அங்கே போங்கள். இங்கே அம்மா கையைப் பற்றி மட்டும்.


கேஷுவால்டி பெஞ்ச் எழுதியது:

அண்ணா, நான் உங்கள் கல்லூரிதான், இப்போது ஹவுஸ் சர்ஜன். இங்கிலாந்தில் டாக்டராகப் பதிவு செய்ய பிளாப் பரீட்சை எழுதலாமா, இங்கேயே பி.ஜி. மேல்படிப்புக்குப் படிக்கலாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் இன்னும் குழப்பம். அங்கே ஒருநாள் எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.


மாடிப்படி எழுதியது:

தம்பி, பரீட்சையைப் பற்றி முதலில். பிளாப் முதல் பாகம் மூன்று மணி நேரம், 180 கேள்வி. இந்தியாவிலேயே எழுதலாம். இரண்டாம் பாகத்துக்கு மான்செஸ்டர் போகவேண்டும், நடிகர்களை நோயாளியாக உட்காரவைத்து ஒவ்வொரு நிலையத்திலும் 8 நிமிஷம். நான் வந்த காலத்தில் இதை முடித்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி விமானம் ஏறலாம். இப்போது அப்படி இல்லை. தேறிவிட்டு மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டு, நாலு பேர் ஒரு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளை எனக்கே தெரியும். கடன் வாங்கி வருவதாக இருந்தால் இரண்டு முறை யோசி.

ஒருநாள் எப்படி இருக்கும் என்றால், ஸ்டான்லி கேஷுவால்டியில் நிற்கிற உனக்கு முதலில் சத்தமில்லாததுதான் தெரியும். நம் ஊரில் ஒரு பேஷன்ட்டோடு மூன்று பேர் வருவார்கள். ஒருவர் அழுவார், ஒருவர் ஃபைலைப் பிடிப்பார், ஒருவர் நம்மோடு சண்டை போடுவார். இங்கே எண்பத்தேழு வயதுப் பாட்டி தனியாக ஆம்புலன்ஸில் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உன்னைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்பார். யார்க்‌ஷயரில் எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்நாள் ஒரு பாட்டி ‘தேங்க் யூ லவ்’ என்றதும் நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

நீண்ட டியூட்டி என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வரை. நைட் நாலு நாள் தொடர்ந்து வரும். லீவு வருஷத்துக்கு 27 நாள், ஐந்து வருஷ சர்வீஸுக்குப் பிறகு 32. அதையும் ஆறு வாரம் முன்னால் கேட்கவேண்டும். இந்த ஆறு வாரம்தான் விஷயம். நம் வீட்டில் எதுவும் ஆறு வாரம் முன்னால் சொல்லிவிட்டு வராது. எனக்குச் சாவுக்கும் உயிருக்குமான அவசரம் இல்லை, பதினாறு நாள் பழைய எலும்பு முறிவு. அதற்கு அவசர விடுப்பு கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு மலையாளி அக்காவும் ஒரு சூடான் டாக்டரும் என் டியூட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சூடான்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ‘அம்மாவா? போ’ என்றார்.

ஆக, அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன்.


நாலு நைட் எழுதியது:

நான் டாக்டர் இல்லை, டாக்டர் மனைவி. கணவருக்கு மிட்லேண்ட்ஸ் பக்கம் வேலை, மாமியார் திருவொற்றியூர் தேரடி. யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

‘அம்மாவை அழைத்துக்கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமே’ என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். முடியாது. 2012 ஜூலையில் விசா விதியை மாற்றிவிட்டார்கள். அன்றாட வேலைக்கே அடுத்தவர் கை வேண்டும் என்ற நிலையில் அம்மா இருக்கவேண்டும், அந்தப் பராமரிப்பு நாம் பணம் அனுப்பினாலும் ஊரில் கிடைக்காது என்று காகிதத்தில் நிரூபிக்கவேண்டும். சென்னையில் கிடைக்காது என்று யார் எழுதித் தருவார்கள்? அந்த நிலைக்கு வந்தவரை விமானத்தில் எப்படி உட்காரவைப்பது? மிச்சம் இருப்பது விசிட்டர் விசா, ஒரு தடவைக்கு ஆறு மாதம்.

மாமியாரை ஆறு மாதத்துக்கு அழைத்தோம். மூன்றாம் நாள், காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை ஆசையாக வறுத்தார். புகை அலாரம் அலறியது. மாமியார் தவாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அதைக்கூடச் சிரித்துக் கடந்துவிட்டோம். கஷ்டம் வேறு இடத்தில். இவருக்கு நைட் என்றால் பகல் முழுக்க வீட்டில் எல்லாரும் கிசுகிசுப்பு. குழந்தைக்கு இரண்டரை வயதிலேயே ‘அப்பா தூங்குறார்’ என்று உதட்டில் விரல் வைக்கத் தெரியும். குக்கர் விசில் அடிக்கக்கூடாது. மாமியார் அடுப்புப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விசில் வரப்போகிற நேரத்தில் கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கி ஆவியை விடுவார். பிள்ளை தூங்கவேண்டும் என்று பெற்றவள் பருப்புக்குக் காவல்.

நாலாவது மாதம் ‘டிக்கெட்டை மாத்திடும்மா’ என்றார். ஏன் அத்தை என்றால், ‘இங்க யாரும் வாசல்ல உக்கார மாட்டேங்கறாங்க’ என்றார்.

இன்னொரு தொல்லை. மார்ச்சிலும் அக்டோபரிலும் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், வித்தியாசம் நாலரை மணியாகும், ஐந்தரையாகும். ஒவ்வொரு அக்டோபர் மாற்றத்துக்கும் மாமியார் போனில் கேட்பார்: ‘என்ன, இப்பல்லாம் லேட்டா எழுந்திருக்கிறான்?’


மாடிப்படி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பன்னிரண்டு நாள் ஊரில் இருந்துவிட்டு நேற்றுத்தான் டியூட்டிக்குத் திரும்பினேன்.

விமான நிலையத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஒரே மெட்ரோ. நான் படித்த காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் என்று நினைக்காமல் அந்தப் பாதையில் என்னால் வரமுடிவதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை வைப்பதற்கு முன் படியை எண்ணினேன். பத்தொன்பது. கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட அரை சாண் உயரம். இதைச் சின்ன வயதில் கால் தானாகப் பழகிக்கொண்டது, மண்டை கவனிக்கவில்லை.

கட்டுப் பிரிக்கும் நாளுக்கு நானும் அம்மாவோடு போனேன். சண்டை போடுவதற்கு என்றுதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். கட்டுப் போடுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், ‘நீங்கதான் லண்டனா? உங்ககிட்ட சொல்லவேணாம்னு அம்மா சொன்னாங்க’ என்றார். துணியைப் பிரித்து, கட்டைவிரலால் மணிக்கட்டு எலும்பின் மேல் ஒருமுறை மெல்லத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். ‘சேந்துடுச்சு. கொஞ்சம் தூக்கலாத்தான் நிக்கும்’ என்றார். மறுநாள் ஸ்டான்லியில் என் பேட்ச்மேட் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அதேதான், ஆங்கிலத்தில் சொன்னான். பாடப்புத்தகத்தில் முள்கரண்டி போல் வளைவு என்று போட்டிருப்பார்களே, அதன் லேசான வடிவம். முதல் நாளே வந்திருந்தால் இழுத்து நேராக்கியிருக்கலாம் என்று அவனும் சொன்னான், நானும் நினைத்தேன். அம்மா எதிரில் இரண்டு பேரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை. இந்த வயதில் இதற்கு அறுவை வேண்டாம், விரல்கள் விறைத்திருப்பதுதான் பிரச்சினை, அசைத்துக்கொண்டே இருக்கட்டும் என்றான். சப்பாத்தி மாவை உருட்டி அம்மா கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். முதல்நாள் விரல் தடம்கூட விழவில்லை. பத்தாம் நாள் தடம் விழுந்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேனும் எடுத்தோம், எதிர்பார்த்தபடி தேய்மானம். மாத்திரை ஆரம்பித்தாயிற்று, என்னுடைய சீட்டில் அல்ல.

ஷட்டர் பாதி அண்ணே, கால்சியம் டப்பா காலி. நான் கொடுத்தது பிப்ரவரியில். சந்தில் நாலு பேர் எனக்கு நன்றி சொன்னார்கள்.

வீட்டு ஓனரிடம் கேட்டு, கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வெல்டரை அழைத்துவந்து இரும்புக் கைப்பிடி போட்டோம், ஒரே நாள் வேலை. வலமா இடமா என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பம்பைச் சுற்றி இருந்த கல்லில் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டு நானே தேய்த்தேன். சந்தே வேடிக்கை பார்த்தது, லண்டன் டாக்டர் பம்படி கழுவுகிறார் என்று. தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் பையன் இரண்டு குடம் மேலே கொண்டுவந்து வைப்பதாகப் பேச்சு. அவன் குடத்தைக் கழுவாமல் பிடிக்கிறான் என்று அம்மாவுக்கு இப்போதே சந்தேகம்.

கல்மண்டபம் அக்கா, நீங்கள் சொன்னதை வைத்து அம்மாவோடு ஒரு ஒப்பந்தம். எது நடந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நான் பதிலுக்கு, அவர் சம்மதிக்காமல் வேறு யாருக்கும் போன் போடக்கூடாது, முதல் ஐந்து நிமிஷம் கேள்வியே கேட்கக்கூடாது. ஐந்து நிமிஷம் என்பது அம்மா போட்ட கணக்கு, நான் இரண்டு என்றேன். இங்கிருந்து 108-ஐ என்னால் அழைக்க முடியாது, அதனால் பக்கத்து வீட்டு அக்கா நம்பரும், கீழ்வீட்டுப் பையன் நம்பரும் என் போனில் மேலே இருக்கின்றன. அக்காவிடம் சும்மாவே வாரம் ஒருமுறை பேசுகிறேன். அம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை. அவரே சொல்லிவிடுகிறார்.


கல்மண்டபம் அக்கா எழுதியது:

சரி தம்பி, நல்ல காரியம். என் தம்பிக்கு இந்த இழையை அனுப்பினேன். ‘ஆட்டோ எவ்வளவு ஆகிறது?’ என்று மெசேஜ் வந்தது. இன்னும் பதில் போடவில்லை, கொஞ்சம் காத்திருக்கட்டும். சாக்லேட் டப்பாவுக்கு மேலே அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன செய்தாய்?


மாடிப்படி எழுதியது:

அவருக்கு மூட்டுவலி. எம்.சி. ரோட்டில் ஒரு புடவையும், பெஞ்ச் உயரத்துக்கு ஒரு நல்ல நாற்காலியும் வாங்கிக் கொடுத்தேன். நாற்காலி வாசலில் இருக்கிறது, அதில் அம்மாதான் உட்கார்ந்திருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. மூன்றாவது வீட்டு ஆயாவின் முழங்கை எக்ஸ்ரே, ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து எடுத்தது, ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல். வலது கைக் கட்டைவிரல். கீழே குரல் பதிவு: ‘இது ஒடஞ்சிருக்கா இல்லையா, சீக்கிரம் சொல்லு. ஆட்டோ நிக்குது. நீ சொன்னாத்தான் ஸ்டான்லிக்கா, கட்டுக்கான்னு அவனுக்கு வழி சொல்லணும்.’